ஜப்பான் ரெஸ்லிங்ல துரோகத்துக்கு ஏன் இவ்ளோ கனம்? அந்த கருப்பு ட்ரங்க்ஸ் பசங்க யாரு?

ரிங்சைட்_ராஜா:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டு போறவன், இதான் முதல் பதிவு, தப்பிருந்தா திட்டாம சொல்லுங்க.

நான் டென் ஸ்போர்ட்ஸ்ல அண்டர்டேக்கரும் கேனும் நெஜமாவே அண்ணன் தம்பின்னு நம்புன கோஷ்டி. காலேஜ் சேந்ததும் அதெல்லாம் விட்டுப்போச்சு. ரெண்டு மாசம் முன்னாடி ஒருநா ராத்திரி தூக்கம் வராம யூட்யூப்ல எதையோ தேடப்போயி ஒரு ஜப்பான் கிளிப் மாட்டுச்சு. 2020 ஜூலை, ஒசாகா. ஈவில்னு ஒருத்தன் ஒரு டோர்னமென்ட் ஃபைனல்ல ஒகாடாவ ஜெயிச்சிட்டு நிக்கிறான், அவன் டீம் தலைவன் நைடோ உள்ள வந்து வாழ்த்து சொல்ற மாதிரி முஷ்டிய நீட்டுறான், இவன் முஷ்டிக்கு பதிலா விரல நரித்தலை மாதிரி மடக்கி காட்டுறான், அவ்ளோதான், அடுத்த நிமிஷம் நைடோ தரைல கெடக்கான். அரங்கத்துல ஒருத்தன் கூட கத்தல. ஊன்னு ஒரு சத்தம் இல்ல. டபிள்யூடபிள்யூஇல வாரத்துக்கு ஒருத்தன் ஒருத்தன முதுகுல குத்துவான், நாம பாப்கார்ன் சாப்ட்டுட்டே பாப்போம், இதப் பாத்துட்டு எனக்கு என்னமோ வயித்த பெசஞ்சிருச்சு, அவனுங்க யாருன்னே தெரியாது எனக்கு.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, அங்க துரோகம்னா ஏன் இவ்ளோ பாரமா இருக்கு, எல்லாம் ஸ்கிரிப்ட் தானே? ரெண்டு, எல்லா மேட்ச்லயும் ரிங்க சுத்தி கருப்பு ட்ரங்க்ஸ், ட்ராக் சூட்ல சின்ன பசங்க உக்காந்திருக்காங்களே, ஐஸ் பை வைக்கிறாங்க, அப்பப்போ யாராவது வந்து சும்மா அவங்கள அடிச்சிட்டு போறான், யாரு பாவம் அவங்க?

---

சாங்கோ_சட்டி:

வாங்க தம்பி. முதல்ல அந்த அமைதி. அது பாதி கொரோனா. அப்போதான் ஆளுங்கள திரும்ப உள்ள விட ஆரம்பிச்சிருந்தாங்க, சீட்டு விட்டு சீட்டு, கத்தக்கூடாது கைதட்டல் மட்டும்தான்னு ரூல். அதனால ஜனம் வாய மூடிட்டு மூச்ச மட்டும் இழுத்துச்சு. என்னக்கேட்டா அந்த ரூல் அந்த சீனுக்கு செஞ்ச உதவிய எந்த ரைட்டரும் செஞ்சிருக்க முடியாது. மறுநாளே டொமினியன் ஷோல ஈவில் நைடோவோட ரெண்டு பெல்ட்டையும் சேத்து புடுங்கிட்டான். அந்த ரெண்டும் நைடோ அதே வருஷம் ஜனவரி 5 டோக்கியோ டோம்ல வாங்கினது, அன்னிக்கி ராத்திரியும் அவர கொண்டாட விடல, கென்டான்னு இன்னொரு ரெஸ்லர் வந்து அடிச்சு மேல ஏறி உக்காந்தான். மனுஷனுக்கு அந்த வருஷம் ராசியே இல்ல.

இப்ப உங்க ரெண்டாவது கேள்விக்கு வரேன், ஏன்னா முதல் கேள்விக்கு பதிலே அங்கதான் இருக்கு.

அந்தப் பசங்களுக்கு யங் லயன்னு பேரு. நியூ ஜப்பான் கம்பெனிக்கு டோக்கியோல செடகயா பக்கம் நோகேன்னு ஒரு எடத்துல டோஜோ இருக்கு, கூடவே ஹாஸ்டல். சேரணும்னா டெஸ்ட். அதுல ஸ்குவாட் மட்டும் 500. அது என்ன ஸ்குவாட்னு பாத்தீங்கன்னா நம்ம ஊரு பஸ்கி தான், ஹிந்து ஸ்குவாட்னே பேரு, கூட தண்டாலும் உண்டு. இந்தியால பயில்வானுங்க பண்ணது, கார்ல் காட்ச்னு ஒரு ஐரோப்பாக்காரர் அத எடுத்துட்டுப் போயி ஜப்பான்காரன் தொடைல ஏத்திட்டார். அவருக்கு அங்க ரெஸ்லிங் தெய்வம்னே பட்டம். உள்ள சேந்தப்புறம் அத தினமும் நூத்துக்கணக்குல எடுக்கணும், கீழ வேர்வை குட்டையா நிக்கும்.

ஆனா அந்த பஸ்கி கூட பெருசில்ல. காலைல எந்திரிச்சு கூட்டணும், பெருக்கணும், சீனியர் துணி துவைக்கணும், டூர்ல அவர் பெட்டிய தூக்கணும், முதுகு தேய்க்கணும். சமையல் முறை வெச்சு வரும், சாங்கோன்னு ஒரு பெரிய சட்டில கறி, காய், டோஃபு எல்லாம் போட்டு கொதிக்க வெப்பாங்க, அது சுமோல இருந்து வந்த பழக்கம், ஜப்பான் ரெஸ்லிங்க ஆரம்பிச்சு வெச்ச ரிகிடோசானே பழைய சுமோக்காரர் தானே. (என் ஐடிக்கு அர்த்தம் இப்ப புரிஞ்சிருக்கும்.) சீனியருக்கு எடுபிடியா இருக்குறவனுக்கு சுகிபிதோன்னு தனியா பேரே உண்டு. நம்ம குருகுலம் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

ரிங்லயும் அதே கதை. கருப்பு ட்ரங்க்ஸ், கருப்பு பூட்ஸ், பட்டப்பேர் கிடையாது, பளபளான்னு மூவ் போடக்கூடாது. டிராப்கிக், பாடி ஸ்லாம், கடைசில கால மடக்கி பூட்டுற பாஸ்டன் க்ராப். முதல் மேட்ச்ல வரணும், தோக்கணும், கும்புட்டுட்டு ஓடிப்போயி அடுத்த மேட்சுக்கு ரிங்சைட்ல உக்காந்து எடுபிடி வேலை பாக்கணும். ரெண்டு மூணு வருஷம் இப்டி. அப்புறம் மெக்சிகோ, அமெரிக்கா, இங்கிலாந்துன்னு எங்கயாவது அனுப்பி விடுவாங்க. போறப்ப பையன், வர்றப்ப வேற ஆளு.

ஒகாடா கதை தெரியுமா? அமெரிக்காவுக்கு அனுப்புனாங்க, அங்க ஒகாட்டோன்னு பேர் வெச்சு ஒரு முகமூடிய மாட்டி வீணடிச்சாங்க. 2012 ஜனவரி 4 தலைல மஞ்ச சாயம், கழுத்துல சங்கிலி, ரெயின்மேக்கர்னு பேர் வெச்சிட்டு திரும்பி வந்தப்ப ஜனம் சிரிச்சுது. அன்னிக்குதான் அப்ப சாம்பியனா இருந்த தனஹாஷி 11 தடவ பெல்ட்ட காப்பாத்தி ரெக்கார்ட் போட்டிருக்கார். பிப்ரவரி 12, ஒசாகா, இந்த 24 வயசு பையன் அவர தூக்கி அடிச்சு பெல்ட் வாங்கிட்டான். அதுக்கப்புறம் ஒருத்தனும் சிரிக்கல.

இப்ப துரோகத்துக்கு வரேன். அவங்க அங்க அழுத்திச் சொல்றது நட்பு இல்ல தம்பி, பேட்ச். யாரு யாரு கூட சேந்தான், யாரு யாருக்கு சீனியர், இது ஆடியன்ஸ் எல்லாருக்கும் மனப்பாடம். ஷோ, யோன்னு ரெண்டு பசங்க 2012-ல ஒண்ணா வந்தாங்க, ஒண்ணா தோத்தாங்க, ஒண்ணா வெளிநாடு போனாங்க, 2017-ல ஒண்ணா திரும்பி வந்து அன்னிக்கே ஜோடிங்களுக்கான டேக் பெல்ட் வாங்கினாங்க. 2021 ஆகஸ்ட்ல ஷோ, யோவ போட்டு அடிச்சிட்டு போயிட்டான். ஸ்கிரிப்ட் தான், யாரு இல்லன்னா. ஆனா அவங்க சேந்து சட்டி கழுவின ஒம்போது வருஷம் ஸ்கிரிப்ட் இல்லயே.

ஈவிலும் அப்டித்தான், 2011-ல வதனபேன்னு சொந்தப் பேர்ல கருப்பு ட்ரங்க்ஸ்ல ஆரம்பிச்ச பையன். 2015 அக்டோபர்ல நைடோ தனியாளா நின்னப்ப அவர் பக்கத்துல வந்து நின்ன முதல் ஆளு அவன்தான். அந்த கேங்கோட முதல் கூட்டாளி. அவன்தான் முஷ்டிய மறுத்து, எதிர் கேங்கான புல்லட் கிளப்போட அந்த நரித்தலை சைகைய காட்டினவன். இப்ப அந்த கிளிப்ப திரும்ப போட்டு பாருங்க.

---

கெடோ_தாடி:

அண்ணன் எல்லாம் சொல்லிட்டு கெடோவ விட்டுட்டார், என் ஐடிக்கே அவமானம் 😀

ஒகாடா திரும்பி வந்த 2012-ல இருந்து அவன் பக்கத்துல தாடி வெச்ச ஒரு குட்டி மனுஷன் நிப்பார், அவர்தான் கெடோ. ஒகாடாவுக்கு வாயே அவர்தான், மேட்ச் முடிஞ்சதும் மைக்க புடிச்சு இவன் பெருமைய அவர் கத்துவார். ஆறு வருஷம். 2018 செப்டம்பர் 23 கோபேல ஒகாடா தனஹாஷிகிட்ட தோத்து கெடக்கான், ஜே ஒயிட் வந்து ரெண்டு பேரையும் அடிக்கிறான், கெடோ சேர தூக்கிட்டு ஓடி வர்றார், நாம என்ன நெனைப்போம், புள்ளைய காப்பாத்த வர்றார்னு தானே, அந்த சேர் எறங்குனது ஒகாடா முதுகுல. நான் ஆபீஸ் லஞ்ச்ல ஃபோன்ல பாத்துட்டு இருந்தேன், சாம்பார் சாதம் அப்டியே ஆறிப்போச்சு.

அந்த ஜே ஒயிட்டும் நோகே பையன்தான், நியூசிலாந்துல இருந்து வந்து 2015-ல அதே கருப்பு ட்ரங்க்ஸ், அதே சட்டி, அதே துணி. வெளிநாட்டுக்காரன்னு சலுகை எல்லாம் கிடையாது அங்க.

---

பழைய_டேப்:

சாங்கோ, நல்லா எழுதிருக்க, ஆனா நியூ ஜப்பான் அதுவும் இந்த பத்து வருஷத்தோட நிறுத்திட்ட. பையன் ஸ்கிரிப்ட் தானேன்னு கேட்டான்ல, அந்த ஊர் ரெஸ்லிங்கே ஸ்கிரிப்ட்ட கிழிச்ச ஒரு துரோகத்துலதான் பெருசாச்சு.

1954 டிசம்பர் 22, குரமாயே கொகுகிகான். ரிகிடோசான் எதிர்ல மசாஹிகோ கிமுரா. கிமுரா சும்மா ஆள் இல்ல, ஜூடோல அவர மிஞ்சுனவன் கிடையாது, 1951-ல பிரேசில் போயி எலியோ கிரேசிய மடக்கினவர், இன்னிக்கும் அந்த கைப்பூட்டுக்கு அவர் பேர்தான். கிமுரா பின்னாடி சொன்னது, டிரா பண்ணிக்கலாம்னுதான் பேச்சு. ரிகிடோசான் சொன்னது, கிமுராதான் முதல்ல கீழ உதைச்சார். எது எப்டியோ, நடுவுல ரிகிடோசான் நெஜ அடில எறங்கிட்டார், ஜப்பானே டிவில பாக்க கிமுரா ரத்தத்துல குப்புற விழுந்தார். ரிகிடோசான் நாட்டுக்கே ஹீரோ ஆனார். கிமுரா வாழ்நாள் பூரா அதச் சொல்லி ஆறாம இருந்தார்.

அந்த ரிகிடோசான்கிட்ட ரெண்டு சிஷ்யன். ஜயன்ட் பாபா, முன்னாடி யோமியுரி ஜயன்ட்ஸ்ல பேஸ்பால் பிட்சர். இன்னொருத்தர் அன்டோனியோ இனோகி, பிரேசில்ல காபித் தோட்டத்துல வேலை பாத்த குடும்பத்து பையன், அங்க இருந்து கூட்டிட்டு வந்தார். ரெண்டு பேரும் ஒரே நாள் டெபியூ, 1960 செப்டம்பர் 30. பாபாவுக்கு மரியாதை, இனோகிக்கு எடுபிடி வேலையும் அடியும். நீ சொன்ன அந்த சுகிபிதோ வேலைய அவர் மாதிரி பட்டவன் கிடையாது. 1963-ல குரு நைட் கிளப்ல கத்திக்குத்து பட்டு செத்துப் போறார். 1971 கடைசில குரு ஆரம்பிச்ச கம்பெனிய கவுக்க சதி பண்ணார்னு இனோகிய வெளிய தள்றாங்க, 1972-ல அவர் நியூ ஜப்பான் ஆரம்பிக்கிறார், அதே வருஷம் பாபாவும் வெளிய வந்து ஆல் ஜப்பான் ஆரம்பிக்கிறார். ஒரே பேட்ச், ஒரே குரு, ரெண்டு கடை. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ரெண்டு பேரும் நேருக்கு நேர் மோதவே இல்ல. 1979-ல ஒரே ஒரு தடவ புடோகான்ல ஜோடி சேந்தாங்க, அவ்ளோதான். ரசிகன் ஏங்கியே செத்தான்.

அடுத்தது சோஷு. 1982 அக்டோபர் 8, கொராக்குவென் ஹால். ரிகி சோஷு மூனிக் ஒலிம்பிக் போனவர், வயசுல கூட இருந்த ஃபுஜினாமிங்கிற ரெஸ்லர விட ரெண்டு வருஷம் பெரியவர், ஆனா தொழில்ல ஃபுஜினாமி சீனியர், கம்பெனிக்கு செல்லப்பிள்ளை. அன்னிக்கி இனோகி, ஃபுஜினாமி, சோஷு மூணு பேரும் ஒரே அணி. பேர் கூப்புடுற வரிசைல சோஷு பேர் ஃபுஜினாமிக்கு முன்னாடி வருது, முன்னாடி வந்தா கீழ்னு அர்த்தம். அங்கயே ஆரம்பிச்சிருச்சு, எதிரணி ஒரு பக்கம் வேடிக்கை பாக்க இவங்க ரெண்டு பேரும் ரிங்லயே அடிச்சிக்கிட்டாங்க. நான் உனக்கு காமசே இனு இல்லன்னு சோஷு சொன்னதா சொல்வாங்க, அந்த சம்பவத்துக்கே அதான் பேரு. காமசே இனுன்னா நாய்ச்சண்டைக்கு பழக்குற நாய்க்கு தைரியம் வரட்டும்னு கடிக்க விடுற சொத்த நாய். சேவக்கட்டு பாத்தவனுக்கு விளக்கமே தேவையில்ல. அன்னிக்கி ஆபீஸ்ல சம்பளம் வாங்கிட்டு தலையாட்டிட்டு இருந்த ஜப்பான் ஆம்பளைங்க எல்லாம் சோஷு கட்சி ஆயிட்டான்.

அதே சோஷு 1984-ல தன் கும்பலோட ஆல் ஜப்பான் பக்கம் போயிட்டார், 1987-ல திரும்பி வந்தார். அந்த வருஷம் நவம்பர் 19, அதே கொராக்குவென், அவர் ஒருத்தன் கால பூட்டு போட்டு ரெண்டு கையும் வேலையா நிக்கிறப்ப அகிரா மயேடா சைடுல இருந்து வந்து மூஞ்சில நெஜமா ஒரு உதை. கண்ணுக்குழி எலும்பு போச்சு. கம்பெனி மயேடாவ மெக்சிகோ போன்னுச்சு, மாட்டேன்னார், வெளிய அனுப்பிட்டாங்க, அவர் 1988-ல புது யூடபிள்யூஎஃப் ஆரம்பிச்சு கூட்டம் சேத்தார். துரோகம் பண்ணவனுக்கு அங்க ஒரு கம்பெனியே கெடச்சிரும், இதான் நான் கண்டது.

---

ரிங்சைட்_ராஜா:

அய்யோ நான் ரெண்டு வரில பதில் வரும்னு நெனச்சேன், இவ்ளோ எழுதிருக்கீங்க, ரொம்ப நன்றி. பஸ்கி மேட்டர் படிச்சிட்டு 50 போட்டுப் பாத்தேன், காலைல மாடிப்படி எறங்க முடியல. 500ஆ???

ஒரு டவுட், இதுல இந்தியாக்காரன் யாராவது உண்டா?

---

கெடோ_தாடி:

இல்லாமயா. டைகர் ஜீத் சிங், பஞ்சாப்ல பொறந்து கனடா போனவர். தலப்பா, வாய்ல கத்தி. 1973 நவம்பர்ல ஷிஞ்சுகுல இசேடான் டிபார்ட்மென்ட் ஸ்டோர் வாசல்ல, பட்டப்பகல்ல, பொண்டாட்டியோட கடைக்கு வந்த இனோகிய நடுரோட்ல போட்டு அடிச்சார். போலீஸ் வந்துருச்சு. மறுநாள் பேப்பர்ல நியூஸ். அடுத்த வருஷம் இனோகி அவர் கைய ஒடச்சதா ஒரு மேட்ச், அரங்கம் ரொம்பி வழிஞ்சுது. ஜப்பான்ல ஒரு தலைமுறைக்கு தலப்பான்னாலே பயம்னா அதுக்கு இவர்தான் காரணம், நல்லதா கெட்டதான்னு நீயே முடிவு பண்ணிக்கோ.

---

சிகப்பு_மூலை:

எல்லாம் அண்ணன்மார் கதையாவே போகுது. பேட்ச்மேட் துரோகம்னு பேசிட்டு ஆல் ஜப்பான் விமன்ஸ்னு பொண்ணுங்க ரெஸ்லிங் கம்பெனி, அது பேர் ஒரு தடவ கூட வரலயே?

1980-ல அங்க சேந்த பொண்ணுங்கள்ல மூணு பேர். சிகுசா நாகயோ, லயனெஸ் அசுகா, அப்புறம் கவோரு மட்சுமோட்டோன்னு குண்டா ஒரு பொண்ணு. மூணும் பதினஞ்சு பதினாறு பத்தொம்போதுல இருந்த, காசில்லாத வீட்டுப் பிள்ளைங்க. அங்க அப்ப ரூல் என்னன்னா சாராயம் கூடாது, சிகரெட் கூடாது, ஆம்பள கூடாது. 25 வயசானா கெளம்பணும். புதுசா வந்தவங்க ரிங் தூக்கணும், கடை போட்டு சாமான் விக்கணும், சீனியர் பேச்சுக்கு மறுபேச்சு இல்ல. இதுல ஒரு விஷயம் சொன்னா நம்ப மாட்டீங்க, சின்னப் பொண்ணுங்க மேட்ச்ல கடைசி பின் மட்டும் நெஜ போட்டியா விடுவாங்க, நெஜமாவே தோள அமுக்கி ஜெயிச்சாத்தான் மேல ஏற முடியும். ஒரே ரூம்ல படுத்து எந்திரிக்கிற பொண்ணுங்கள ஒண்ணுக்கு ஒண்ணு ஆகாம வெச்சா கூட்டம் வரும்னு ஓனருங்களுக்கு கணக்கு.

சிகுசாவும் அசுகாவும் க்ரஷ் கேல்ஸ்னு ஜோடி ஆனாங்க, பாட்டு கேசட் எல்லாம் வந்துச்சு, ஸ்கூல் பொண்ணுங்க பைத்தியமா அலஞ்சாங்க. மட்சுமோட்டோ மூஞ்சில சாயம் பூசிட்டு செயின், கெண்டோ கம்போட டம்ப் மட்சுமோட்டோன்னு வில்லி ஆனா. 1985 ஆகஸ்ட் 28, ஒசாகா ஜோ ஹால், தோத்தவ தலைய மழிக்கணும்னு பந்தயம். சிகுசா தோத்தா. ரத்தம் வழிய வழிய சேர்ல உக்கார வெச்சு மழிக்கிறாங்க, அரங்கம் பூரா சின்னப் பொண்ணுங்க கதறுதுங்க, வீடியோல அந்த சத்தத்த கேளுங்க, நீங்க சொன்ன ஒசாகா அமைதிக்கு நேர் எதிர். அடுத்த வருஷம் நவம்பர்ல டம்ப் தோத்து அவ தலை போச்சு. நெஜத்துல ஒரே பேட்ச். நாடே ஒரு பொண்ண வெறுத்தா அந்த பேட்ச்மேட் மேல ஏறுவான்னு ரெண்டு பேருக்கும் தெரியும். டம்ப் பண்ணது எனக்கு துரோகமாவே தெரியல, பேட்ச்மேட்டுக்கு அவ குடுத்த பெரிய சீதனம் அது.

அப்புறம் ஒரு குறை. சாங்கோ அண்ணா, குருகுலம் சட்டின்னு இனிக்க இனிக்க எழுதுறீங்க. அந்த டோஜோக்கள்ல மூங்கில் கம்பால அடிச்சதும் உண்டு, 1995-ல நியூ ஜப்பான் டோஜோல பயிற்சிக்கு வந்த ஒரு பையன் உயிரே போச்சு. அதையும் சேத்து சொல்லணும்ல. நான் படிச்ச காலேஜ் ஹாஸ்டல்ல சீனியர் துணிய துவைச்சவ நான், அதுல பாசம் எல்லாம் ஒண்ணும் வளரல.

---

சாங்கோ_சட்டி:

ஒத்துக்குறேன்மா. பாக்கெட்ல வர்ற ஊறுகாய மட்டும் பாத்து எழுதுற மாதிரி எழுதிட்டேன், அத போடுற எடத்த பாக்கல. பழைய ஆளுங்க பேட்டில அடி வாங்கினத சிரிச்சிட்டே சொல்வாங்க, நாமளும் கூட சிரிச்சிடுறோம். அங்க தாக்குப்பிடிக்காம ராவோட ராவா பைய தூக்கிட்டு ஓடுன பசங்க எத்தன பேர், அவங்கள யாரும் பேட்டி எடுக்குறதில்ல.

ஆனா ஒண்ணு மட்டும். ஷிபாடான்னு ஒரு நியூ ஜப்பான் ரெஸ்லர், 2017 ஏப்ரல்ல ஒகாடா கூட மேட்ச்ல தலைல தலை மோதி மூளைல ரத்தம் கட்டி சாவு வரைக்கும் போயிட்டு வந்தார். அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் டோஜோவுக்கு வாத்தியார் ஆனார். 2019 ஆகஸ்ட்ல அவரே கூட்டிட்டு வந்த பழைய நண்பன் கென்டா கட்சி மாறி நின்னப்ப, ரிங்ல ஏறக்கூடாத மனுஷன் ஓடி வந்து அடிச்சார், அடி வாங்கினார், கென்டா அவர் மேலயே சம்மணம் போட்டு உக்காந்தான். அப்புறம் 2022 ஜனவரி 4, ரிங்குக்கு திரும்பி வந்தார், எதிர்ல யாரு தெரியுமா, அவர்கிட்ட படிச்ச ரென் நரிடா. வாத்தியார் திரும்பி வந்து முதல் அடிய சிஷ்யன் நெஞ்சுல வெச்சார். இது மாதிரி எடத்துல நான் கொஞ்சம் ஏமாளி ஆயிடுவேன், அவ்ளோதான்.

---

பழைய_டேப்:

கடைசியா என் ஆளுங்கள சொல்லிட்டு போயிடுறேன், இது சொல்லாம இந்த திரிய மூடக்கூடாது.

மிசாவா, கவாடா, ரெண்டு பேரும் ஆல் ஜப்பான் ரெஸ்லர்ஸ். தொசிகி மாவட்டத்துல அஷிகாகாவுல ஒரே ஹைஸ்கூல், ஒரே ரெஸ்லிங் டீம். மிசாவா ஒரு வருஷம் சீனியர். அவர் ஆல் ஜப்பான்ல சேந்தார், பின்னாலயே கவாடாவும் போனார். ஸ்கூல் சீனியர், கம்பெனி சீனியர், பாபாவோட அடுத்த வாரிசு, எல்லாம் அதே ஆளு. 1990 மே 14, மிசாவா டைகர் மாஸ்க் முகமூடிய மேட்ச் நடுவுலயே கழட்டச் சொன்னார்ல, கழட்டினது பக்கத்துல நின்ன கவாடாதான். அடுத்த மாசம் மிசாவா அப்ப கம்பெனில டாப்ல இருந்த ஜம்போ சுருடாவ ஜெயிச்சு மேல போயிட்டார். கவாடா 1993-ல அவர விட்டு பிரிஞ்சு, அதுவரைக்கும் தனக்கு ஆகவே ஆகாத டாவேங்கிற ரெஸ்லர் கூட ஜோடி சேந்தார். சேர் அடி இல்ல, முதுகுல குத்து இல்ல. ஜூனியர் ஒருத்தன் எந்திரிச்சு எதிர் மூலைல போயி நின்னான், அவ்ளோதான்.

1994 ஜூன் 3 புடோகான்ல மோதினாங்க. உலகத்துல எங்க லிஸ்ட் போட்டாலும் அந்த மேட்ச் வரும். கவாடா தோத்தார். 1995 ஜூன் 9 டேக் மேட்ச்ல முதல் தடவையா மிசாவாவ பின் பண்ணார். தனி மேட்ச்ல பெல்ட்டுக்கு ஜெயிக்க 1998 மே 1 வரைக்கும் ஆச்சு, அதுவும் ஆல் ஜப்பான் தனியா நடத்துன முதல் டோக்கியோ டோம் ஷோ. அந்த கம்பெனில பொறுமைங்கிறது தனி ரகம்பா, அதே கம்பெனி கோபாஷி எல்லாம் ஆரம்பத்துல 63 சிங்கிள்ஸ் வரிசையா தோத்தவர்.

1999 ஜனவரில பாபா போனார். அடுத்த வருஷம் பாபா சம்சாரத்துக்கும் மிசாவாவுக்கும் ஒத்துவராம மிசாவா வெளிய வந்து நோவான்னு புது கம்பெனி ஆரம்பிச்சார். ஆல் ஜப்பான் ஜப்பானிய ஆளுங்க கிட்டத்தட்ட அத்தன பேரும் கூடவே போனாங்க. தங்குனது ரெண்டே பேர், கவாடாவும் ஃபுச்சியும். இப்ப சொல்லு, யாரு யாருக்கு துரோகம் பண்ணா? காலியா கெடக்குற வீட்ல வெளக்கேத்துனவனா, பொண்டு புள்ளைங்க சம்பளத்துக்கு வழி பண்ணி அத்தன பேரையும் கூட்டிட்டுப் போனவனா? நான் இருவது வருஷமா ரெண்டு பக்கமும் மாறி மாறி நின்னுட்டேன்.

2005 ஜூலை 18 டோக்கியோ டோம்ல கடைசியா ஒரு தடவ மோதினாங்க. மிசாவா ஜெயிச்சார். 2009 ஜூன் 13, ஹிரோஷிமால பின்னாடி தூக்கி எறியுற ஒரு பேக் சுப்ளெக்ஸ் வாங்கி மிசாவா விழுந்தார், எந்திரிக்கல. 46 வயசு. ஓனரும் அவரே, மெயின் ஈவென்ட் ஆளும் அவரே, ஏற்கனவே கெட்டுப்போன அந்த கழுத்தோட அவர் அன்னிக்கி ரிங்ல ஏறியே இருக்கக்கூடாது, அதச் சொல்ல அவருக்கு மேல ஒரு சீனியர் இல்ல.

---

ரிங்சைட்_ராஜா:

அந்த 1994 மேட்ச இப்பதான் பாத்து முடிச்சேன். மணி ரெண்டேகால். கவாடா எந்திரிக்கவே முடியாம கயித்த புடிச்சு தொங்குறார்ல, அங்க நிறுத்தி வெச்சிட்டு தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.

கவாடா இப்ப என்ன பண்றார்? இருக்கார்ல?

---

பழைய_டேப்:

2010-ல டோக்கியோல, அதே செடகயா பக்கத்துல, ராமென்ங்கிற ஜப்பான் நூடுல்ஸ் சூப் கடை போட்டார். அவரே அடுப்புல நின்னார், அவரே பரிமாறினார். ரெஸ்லிங்க விட இது கஷ்டம்னு புலம்பி தனியா ஒரு புத்தகமே எழுதிருக்கார்.

---

கெடோ_தாடி:

சாங்கோ சட்டிய கழுவ ஆரம்பிச்சவன் கைல கடைசி வரைக்கும் கரண்டிதான் போல.

ராஜா, நாளைக்கி லீவு போடு, அந்த 1995 டேக் மேட்ச் 40 நிமிஷத்துக்கு மேல ஓடும். அத பாத்துட்டு வந்து பேசு.